டேப்பக்கா போட்ட கையெழுத்து

டேப்பக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அடுத்த நொடி வாய் திறக்கும். அன்றைக்கு விசாரணை அறையில் காது சிவந்தது, வாய் திறக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவள் வாயடைத்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் அவள் தம்பியைப் பற்றியது. கல்மாவு ஆலையில் இருபத்தாறு வருஷம் மூட்டை பிடித்தவன் அவன். மேலே கல் அரைபடும், கீழே குழாய் வழியாக மாவு கொட்டும். அந்தக் குழாய் வாயில் சாக்கை மாட்டிப் பிடித்து, நிரப்பி, தைத்துத் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவமும் இமையும் வெள்ளையாக இருக்கும். இப்போது நாற்பத்தெட்டு வயதில் ஏழு படி ஏறினால் எட்டாவது படியில் உட்கார்ந்துவிடுகிறான். நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இது ஆலையால் வந்த நோய்தான் என்று விசாரணை அதிகாரி எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வரும், தொழில் நோய் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும். எழுதிக் கொடுக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆலை வக்கீல் எழுந்து ஒரு பழுப்பு அட்டையை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த மூச்சு அளவு அதில் எழுதியிருந்தது. இரண்டே முக்கால் லிட்டர்.

"ஐயா, அந்த வயசுல நல்லா இருக்கிற ஆளுக்கு நாலரை லிட்டராவது இருக்கணும். இவருக்கு வரும்போதே பாதிதான் இருந்திருக்கு. அப்படியும் பாவம்னு இரக்கப்பட்டு வேலை குடுத்தாங்க. அதுக்கு இவர் காட்டுற நன்றி இது."

இரக்கப்பட்டார்களாம்! ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை பிடிக்கிற வேலையை நோயாளிக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தார்களாம்! எவன் காதில் பூ சுற்றுகிறார்கள்?

டேப்பக்கா எகிறி எழுந்திருப்பாள். பாதி எழுந்தும்விட்டாள். அதற்குள் அட்டையின் நகலைத் தம்பி கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். அடியில், சரிபார்த்தவர் என்று அச்சடித்த இடத்தில், நீல மையில் அவளுடைய கையெழுத்து. மூன்று எழுத்தும் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். வேறு யாரும் அப்படிப் புள்ளி வைக்க மாட்டார்கள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல பதிவு இருந்திருக்குமே?" என்று அதிகாரி கேட்டார். அறுபதை நெருங்கிய அம்மா அவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்.

"அது எப்பவோ பழுதாகிக் கழிச்சுக் கட்டியாச்சு அம்மா. இருக்கிறது இந்த அட்டை மட்டும்தான்" என்றார் வக்கீல்.

"மறுதரப்புல வேற ஆதாரம் இருந்தா அஞ்சு வாரத்துல கொண்டு வாங்க" என்று சொல்லி அதிகாரி அடுத்த கோப்பை எடுத்தார். தம்பி மெதுவாக எழுந்தான். அவனுக்கு வாசலுக்கு நடந்து போவதே பெரிய வேலையாக இருந்தது.

டேப்பக்கா என்ற பெயர் அவளுக்கு அதே ஆலையில் வந்தது. சுகாதார அறையில் குமாஸ்தா வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை நூற்று நாற்பது பேரும் வரிசையாக வந்து ஒரு குழாயில் ஊதுவார்கள், மெஷின் எண்ணைக் காட்டும், அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு டப்பா இருந்தது. டேப் டிரைவ். கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் உள்ளங்கை அகல டேப்பில் நகல் எடுத்து வைக்கிற சாமான். வெள்ளிக்கிழமை மத்தியானம் டேப்பை உள்ளே தள்ளி ஆரம்பித்தால் கரகரவென்று ஒன்றேகால் மணி நேரம் எழுதும். அது முடிந்ததும் எழுதியதை மறுபடி படித்துக் கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும். அதற்கு இன்னொரு ஒன்றேகால் மணி நேரம்.

பிரிண்டரும் அதே கேபிள் வழியாகத்தான் போகும். டேப் ஓடுகிற இரண்டரை மணி நேரமும் பிரிண்டர் செத்த மாதிரி கிடக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுப்புச் சீட்டு வேண்டும் என்று வருகிறவன், வண்டிச் சீட்டு வேண்டும் என்று வருகிறவன் எல்லாரும் கதவில் நின்று முனகுவார்கள். "டேப்பக்கா டேப் ஓட்டுது, இனிமே அஞ்சு மணிக்குத்தான்" என்பார்கள். மேனேஜர் வந்து, "எழுதியாச்சில்ல? அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை ஓட்டுற? சரிபார்க்கிறதை விட்டுடு" என்பார்.

"சார், சரிபார்க்காத டேப்பும் வெறும் டேப்பும் ஒண்ணுதான். வேணும்னா நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, விட்டுடறேன்" என்பாள். அவர் போட மாட்டார். முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார். பதினான்கு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் சரிபார்க்காமல் விட்டதில்லை. முடிந்ததும் சீட்டில் தேதி எழுதி, சரி என்று எழுதி, டேப்பில் ஒட்டுவாள். நெருப்புப் பிடித்தால் எல்லாம் ஒரே இடத்தில் போய்விடக் கூடாது என்று மாதத்துக்கு ஒரு டேப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் வைக்க வேண்டும். அது ஆலையே போட்ட விதி, போட்டவர்களே மறந்துவிட்ட விதி. அவள் மறக்கவில்லை.

நாலாவது வருஷம் மேனேஜர் பிரிண்டரைப் பார்க்கக் குனிந்தவர் கேபிளில் காலை மாட்டி டிரைவைக் கீழே தள்ளிவிட்டார். நல்ல சத்தம். எடுத்து மாட்டினால் ஓடியது. "ஓடுதில்ல, பின்ன என்ன" என்றார். புது டேப் போட்டால் எழுதியது, சரிபார்த்தது, எல்லாம் சரி என்று காட்டியது. ஆனால் விழுவதற்கு முந்தைய டேப் எதைப் போட்டாலும் படிக்க முடியவில்லை என்று கத்தியது. "பழைய டேப் கெட்டுப்போச்சு போல, பாய்லர்ல போட்டு எரிச்சுடு" என்றார் மேனேஜர். அவளுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் அவள் உட்கார்ந்து சரிபார்த்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்த டேப்புகளோடு அவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

இவ்வளவு கெட்டியான மனுஷிதான் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டவள். அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு அவளையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

டிரைவ் விழுந்த அடுத்த வருஷம் அது. கூரை ஒழுகி அட்டைகள் எல்லாம் நனைந்துவிட்டன என்று மேனேஜர் ஒரு கட்டுப் புது அட்டையோடு வந்தார். எண்கள் எழுதுகிற இடம் காலியாக இருந்தது. "பழையதைப் பார்த்து ஆபீஸ்ல எழுதிப்பாங்க. நீ அடியில கையெழுத்து மட்டும் போட்டு வை, நாளைக்கு ஆய்வுக்கு ஆள் வருது." வெள்ளிக்கிழமை மத்தியானம். டேப் சரிபார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயாவது பிழை வருகிறதா என்று கண் திரையிலேயே இருந்தது. கை பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனது. நூற்று நாற்பது அட்டை. ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருந்தது, எல்லாம் காலி. டேப் முடிந்ததும் சரி என்று வந்தது, நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மெஷினை நம்பாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தவள் மனுஷனை நம்பி வெற்று அட்டையில் கையெழுத்துப் போட்டாள்! வருஷா வருஷம் எல்லாருக்கும் மூச்சு குறைந்துகொண்டே வந்ததை ஆய்வுக்கு வந்தவர் கண்டுபிடிக்கக் கூடாது. அதற்குச் சுலபமான வழி, சேர்ந்த நாள் அளவையே குறைத்து எழுதிவிடுவது. அந்தப் பாவி அதைத்தான் செய்திருக்கிறான். அவனுக்குக் கை கொடுத்தது தன் நீல மை. அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து விசாரணை அறையில் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி பொண்டாட்டி கேட்டாள். "ஏன் அண்ணி, ஊரையே வாங்குற வாய் உங்களுக்கு. அங்க ஒரு வார்த்தை பேசாம வந்துட்டீங்களே?"

"பேச என்ன இருக்கு? ஆதாரம் கேட்டாங்க, ஆதாரம் எடுக்கணும். அந்த ஸ்டூலை எடு."

ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். அவள் பிடித்த பிடியைப் பார்த்துத் தம்பி பொண்டாட்டி ஸ்டூலை விட்டுத் தள்ளி நின்றாள். பெட்டிக்குள் இருநூறுக்கு மேல் டேப். தேதி சீட்டுகளில் கொஞ்சம் மஞ்சள் படிந்திருந்தது. எழுத்து அப்படியே இருந்தது.

டேப் இருந்தது, படிக்கிற டிரைவ் இல்லை. ஆலையில் அதை எப்போதோ குப்பையில் போட்டிருப்பார்கள். கடைகடையாக ஏறினாள். ஒரு கடையில் டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டுக் கேசட்டா?" என்றார்கள். இன்னொரு கடையில், "இதெல்லாம் வச்சிருக்கீங்களே, ரொம்ப ஆசை போல" என்று ஒருவன் சிரித்தான். "ஆசையாவது தோசையாவது, உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. பல்லைக் காட்டாதே" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஆறாவது கடையில்தான் சொன்னார்கள், பழைய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற ஒருவர் இதே கட்டடத்து மூணாவது மாடியில் இருக்கிறார், ஸ்குரூ என்று கேட்டால் காட்டுவார்கள் என்று.

ஸ்குரூவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர், காதோரம் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். அறை முழுக்கக் கழற்றிப்போட்ட பெட்டிகள். டேப்பை வாங்கியதும் அவர் சிரிக்கவில்லை, அதுவே டேப்பக்காவுக்குப் பெரிய ஆறுதல். அலமாரியில் துழாவி அதே மாதிரி ஒரு டிரைவை எடுத்துத் தூசி தட்டினார். திறந்து பார்த்தால் டேப்பை ஓட்டுகிற ரப்பர் உருளை உருகிப் பிசின் மாதிரி ஆகியிருந்தது.

"இப்படியே டேப்பை விட்டா நாசம்தான்க்கா. நல்ல வேளை, முதல்ல திறந்து பார்த்தோம்." பிசினைச் சுரண்டித் துடைத்து, அளவாக ஒரு ரப்பர் குழாய்த் துண்டை வெட்டி மாட்டினார். மூன்று நாள் ஆனது.

டிரைவ் விழுவதற்கு முந்தைய டேப் கெட்டுப்போனது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்; தம்பி சேர்ந்த நாள் அளவு எல்லா டேப்பிலும் இருக்கும் என்பதால் நாலாம் நாள் கடைசி வருஷத்து டேப்பைப் போட்டார்கள். படிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம், படிக்கவில்லை. பத்து டேப் போட்டும் ஒன்றும் வரவில்லை. டேப்பக்காவின் காது சிவந்தது.

"நான் ஒவ்வொண்ணும் சரிபார்த்து எடுத்தது! ஒரு வெள்ளிக்கிழமை விடல! உங்க டிரைவ்தான் சரியில்ல!"

"கோபப்படாதீங்க, யோசிப்போம். நீங்க எடுத்த டிரைவ் எப்பவாவது கீழ விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. விழுந்த பிறகு பழைய டேப் எதுவும் படிக்கல."

ஸ்குரூ நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப கெட்டது டேப் இல்லக்கா, டிரைவ். விழுந்ததுல, டேப்பைத் தொட்டு எழுதிப் படிக்கிற அதோட தலை லேசா சாய்ஞ்சிருக்கு. சாய்ஞ்ச தலை சாய்வா எழுதும், சாய்வா எழுதினதைத் தானே ஒழுங்காப் படிக்கும், சரின்னு சொல்லும். வேற எந்த டிரைவும் அதைப் படிக்காது. நீங்க சரிபார்த்தது எல்லாம் அதே டிரைவ்லதானே?"

பத்து வருஷம்! பத்து வருஷ வெள்ளிக்கிழமை! திட்டு வாங்கிக்கொண்டு, பிரிண்டரை நிறுத்திவைத்து, கதவில் நின்றவன் வாயெல்லாம் கேட்டுக்கொண்டு அவள் சரிபார்த்தது அத்தனையும் ஒரு கோணல் தலை தன்னைத் தானே பார்த்துத் தலையாட்டியதுதானா? மேனேஜர் காலை மாட்டினாரே, அந்தக் காலை உடைத்திருக்க வேண்டும்.

"அக்கா, எதுக்கு அழறீங்க? விழறதுக்கு முன்னாடி எடுத்த டேப் இருக்கா?"

"அழல. எரிச்சல்ல தண்ணி வருது" என்றாள். பிறகுதான் அவர் கேட்டது காதில் ஏறியது. எரிக்கச் சொன்ன டேப்புகள் பெட்டியின் அடியில் இருந்தன.

தம்பி சேர்ந்த மாசத்து டேப்பை எடுத்துக் கொடுத்தாள். உடனே படிக்க விடவில்லை. "முதல்ல கடைசி வரைக்கும் சுத்தி, திரும்பச் சுத்துங்க. ரொம்ப நாள் சும்மா கிடந்த டேப்பை அப்படித்தான் ஓட்டணும்" என்றாள். "தெரியும்க்கா" என்றார் ஸ்குரூ. "தெரிஞ்சா சரி, செய்யுங்க" என்றாள். சுற்றி முடித்து டிரைவ் கரகரக்க ஆரம்பித்ததும் அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திரையில் கோப்புகளின் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. பிழை ஒன்றுகூட வரவில்லை.

தம்பியின் வரி வந்தது. சேர்ந்த நாள், வயது இருபத்திரண்டு, மூச்சு அளவு நாலு புள்ளி ஏழு லிட்டர்.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. "ஊது, இன்னும் ஊது, இன்னும்" என்று அவள்தான் விரட்டினாள். அவன் கன்னம் உப்ப ஊதிவிட்டு, "போதுமா, இல்ல உன் மெஷினையே தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஸ்குரூ சந்தோஷமாகத் திரும்பினார். "கிடைச்சுச்சுக்கா! தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

அவள் போன் போடவில்லை. சொன்னால் அவன் அடுத்த கேள்வி கேட்பான். டேப்பில் இது, அட்டையில் அது, அட்டையில் யார் கையெழுத்து? அதைச் சொல்லாமல் டேப்பை மட்டும் கொடுக்க முடியாது. ஆலை வக்கீல் விடமாட்டார். விசாரணை அறையில் எல்லார் முன்னாலும், தம்பி பொண்டாட்டி முன்னாலும், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். மூன்று மாடி இறங்குகிற வரைக்கும் மேனேஜரைத் திட்டினாள். தெருவுக்கு வந்த பிறகு தன்னைத் திட்டிக்கொண்டாள். வீடு வந்து சேர்ந்தபோது தம்பி ஜன்னலோரம் தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தான். "என்னக்கா, கிடைச்சுதா?" என்றான். "பார்த்துட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த விசாரணைக்கு ஸ்குரூ பழைய கம்ப்யூட்டரையும் டிரைவையும் கைவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஆலைப் பக்கம் வக்கீலோடு மேனேஜரும் வந்திருந்தார். ஓய்வு பெற்று, தலையெல்லாம் நரைத்து, நல்ல சட்டை போட்டுச் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். டேப்பக்காவைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"உங்க புண்ணியத்துல" என்றாள் அவள்.

ஸ்குரூ தாளில் அச்சடித்துக் கொண்டுவந்த பட்டியலை நீட்டினார். வக்கீல் அதைத் தொடக்கூட இல்லை. "தாள்ல யார் வேணா எதை வேணா அடிக்கலாம். டேப்பாம், வீட்ல வச்சிருந்தாங்களாம். அந்த அம்மா மனுதாரரோட சொந்த அக்கா. இதை நம்பணுமா?" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்த அட்டையில இருக்கிற கையெழுத்து யாருதும்மா?"

தம்பியின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது.

"என்னுது" என்றாள்.

"சரிபார்த்தவர்னு போட்டிருக்கு. நீங்களே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப நீங்களே அது பொய்னு டேப்பைத் தூக்கிட்டு வர்றீங்க. எதும்மா பொய்? கையெழுத்தா, டேப்பா?"

அவள் எழுந்து நின்றாள். காது நெருப்பாக எரிந்தது.

"கையெழுத்துதான் பொய். இந்தா உட்கார்ந்திருக்காரே, இவர் வெறும் அட்டையைக் கொண்டு வந்து நீட்டினாரு, நான் அறிவு கெட்டுப் போய் பார்க்காம போட்டேன். நூத்து நாப்பது அட்டை. ஒண்ணுலகூட எண் கிடையாது. அது என் தப்பு, அதுக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. ஆனா டேப் அப்படி இல்ல. டேப்பை நான் பார்த்துப் பார்த்து எடுத்தேன். எழுதி, திரும்பப் படிச்சு, ஒப்பிட்டு, தேதி போட்டு வச்சேன். இதை எரிச்சுடுன்னு சொன்னவரும் இவருதான்!"

"என்னம்மா வாய்க்கு வந்ததைப் பேசுற?" என்றார் மேனேஜர். சாந்தம் போய்விட்டது.

"வாய்க்கு வந்ததைப் பேசினா இன்னும் நிறைய வரும் சார். அம்மா முன்னாடி அடக்கிட்டுப் பேசறேன்."

அதிகாரி மேஜையைத் தட்டினார். "பட்டியல் தாள்ல இருக்கு. டேப்ல இருக்கிறதை நானே பார்க்கணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"எடுத்து முடிக்க ஒண்ணேகால் மணி நேரம், சரிபார்க்க ஒண்ணேகால் மணி நேரம்" என்றாள் டேப்பக்கா.

"சரிபார்க்கிறது அவசியமா?" என்று வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவசியம். இந்தத் தடவை எல்லாரும் உட்கார்ந்து பார்க்கணும். நீங்களும் சார்" என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஓட்டுங்க" என்றார்.

டேப் உள்ளே போனது. அந்த அறையில் கரகர சத்தம் ஆரம்பித்தது. வக்கீல் போனை எடுத்தார், வைத்தார். மேனேஜர் இரண்டு தடவை எழுந்து போகப் பார்த்தார், இரண்டு தடவையும் அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். டேப்பக்கா தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் இருந்த அவன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கையெழுத்தை அன்னைக்கே பார்த்துட்டேன்க்கா" என்றான் தம்பி மெதுவாக.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "பார்த்துட்டு ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ கத்துவ." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். "நீ கத்தினா நானும் கத்தணும். எனக்கேது மூச்சு?"

அவன் பொண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. பிறகு கையை நீட்டி டேப்பக்காவின் முழங்கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள். "அஞ்சு வாரமா இதைத்தான் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு எல்லார்மேலயும் எரிஞ்சு விழுந்தீங்களா அண்ணி?" என்றாள்.

இரண்டரை மணி நேரம் கழித்துத் திரையில் பிழை இல்லை என்று வந்தது. அதிகாரி எழுந்து வந்து ஸ்குரூவின் பக்கத்தில் நின்றார். முதலில் கோப்பு எழுதிய தேதியைப் பார்த்தார், டேப்பில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். ஆலை கொண்டுவந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் வரியைத் தேடினார். கண்டுபிடித்து உரக்கப் படித்தார். "நாலு புள்ளி ஏழு." அட்டையைப் பார்த்தார். "இதுல ரெண்டே முக்கால்." இன்னும் நாலைந்து வரிகளைப் படித்தார். எல்லாம் நாலுக்கு மேல்.

"மத்த நூத்து முப்பத்தொன்பது அட்டையும் நாளைக்குக் காலையில என் மேஜையில இருக்கணும்" என்று வக்கீலிடம் சொன்னார். "இவருக்கு ஆக்சிஜன் மெஷின் அதுக்காகக் காத்திருக்க வேண்டாம், அதுக்கு இன்னைக்கே எழுதித் தரேன்." மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பக்காவுக்கு அவரைக் கேட்க ஆயிரம் இருந்தது. எதை முதலில் கேட்பது என்று வாய் தேடிக்கொண்டிருந்தது.

அப்போது தம்பி அவள் புடவைத் தலைப்பை இழுத்தான். சின்ன வயதில் இழுப்பது போல. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... அவ்வளவு... அவ்வளவு மூச்சா இருந்துச்சு எனக்குள்ள?"

"ஆமாடா. நான்தான் பார்த்து எழுதினேன்."

"இப்ப... எவ்வளவுக்கா..."

"வாயை மூடிட்டு உட்காருடா" என்று அவள் கத்தினாள். "பேசினா மூச்சு வாங்கும்."